மணல் வீடு: ஒரு டாக்டர் எழுதிய கடிதமும் ஒரு வண்டி மணலும்

1)
"பிள்ளையை மணல்ல விளையாட விடலாமா டாக்டர்?"

ஓபியில் மாசத்துக்குப் பத்து பேராவது கேட்பாங்க. பல வருஷமா யோசிக்காம ஒரே பதில்தான் சொல்லிட்டு இருந்தேன். "விடாதீங்கம்மா. பூச்சி வரும், புண்ணு வரும்."

அந்தப் பதில் பாதி தப்புன்னு எனக்குப் புரியவச்சது ஒரு ஆச்சி. அந்தக் கதையில் ஆரம்பிச்சு, மணல் விளையாட்டோட வரலாறு வரைக்கும் போகப்போறேன். கடைசியில் கடற்கரையில் நல்ல மணல் கோட்டை கட்டுவது எப்படின்னும் இருக்கு. நீளமான இழை. ஞாயிற்றுக்கிழமை தானே, பொறுமையா படிங்க.

2)
மூணரை வயசுப் பையன். ரத்த சோகை, வயித்துல பூச்சி. மாத்திரை குடுத்து, இரும்புச்சத்து சிரப் எழுதி, வழக்கமான அறிவுரையும் சொல்லி அனுப்பினேன். ரெண்டு மாசம் கழிச்சு ஆச்சி திரும்பக் கூட்டிட்டு வந்தாங்க. ரத்த அளவு ஏறியிருக்கு. சந்தோஷம். ஆனா பையன் நிமிர்ந்தே பார்க்கல. கையில் போன்.

"என்ன ஆச்சி, எப்பவும் இப்படியா?"

"நீங்கதானே சார் மணல்ல விடக்கூடாதுன்னு சொன்னீய? அதான் போனைக் குடுத்து உக்கார வச்சிருக்கோம்."

வீடு கடலுக்குப் பக்கத்துல. வாசலை விட்டு இறங்கினா மணல். அந்தப் பையன்கிட்ட இருந்த ஒரே விளையாட்டு மைதானத்தை ஒரு வரியில் நான் பிடுங்கிட்டேன்.

3)
அன்னிக்கு ராத்திரி குற்ற உணர்ச்சியோட தேட ஆரம்பிச்சேன். குழந்தைகளும் மணலும் பத்தி நம்ம துறையில் யாராவது முன்னாடி யோசிச்சிருக்காங்களா?

யோசிச்சிருக்காங்க. 1885-லயே. அதுவும் ஒரு டாக்டர். எம்.பி.பி.எஸ்ஸில் அவங்க பேரை எனக்கு யாரும் சொல்லல.

டாக்டர் மேரி ஸக்ஷெவ்ஸ்கா. பேர் வாயில நுழையாததால அமெரிக்காவில் எல்லாரும் "டாக்டர் ஸாக்"னே கூப்பிட்டிருக்காங்க. நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

4)
அவங்ககிட்ட போறதுக்கு முன்னாடி நம்ம ஊரு கணக்கை ஒரு நிமிஷம் பார்த்துடுவோம்.

மணல் வீட்டுக்குத் தமிழில் தனிப் பேரே உண்டு: சிற்றில். சின்ன இல்லம். கலித்தொகையில் ஒரு பெண், சின்ன வயசுல தன் மணல் வீட்டைக் காலால் கலைச்சுட்டு ஓடின பையனை நினைச்சுப் பேசுறா. நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் ஒரு பதிகம் முழுக்க, எங்க சிற்றிலைச் சிதைக்காதேன்னு கண்ணனிடம் கேட்கிறாள். பிள்ளைத்தமிழில் ஆண்பால் பிள்ளைக்குரிய பத்துப் பருவங்களில் ஒன்றே சிற்றில் பருவம்.

கட்டுறது ஒருத்தி, உடைக்கிறது ஒருத்தன், நடுவுல அழுகை. எந்தக் கடற்கரையிலும் இன்னிக்கும் இதேதான் நடக்குது.

5)
இன்னொரு தகவல். மணலில் விரலால் எழுதிப் படிக்கிறது நம்ம திண்ணைப் பள்ளிகளில் இருந்த வழக்கம்.

ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்து பாதிரியார் 1787-ல் மெட்ராஸ் வந்தார். 1789-லிருந்து எழும்பூரில் இருந்த ஆண் அநாதைச் சிறுவர் விடுதியைப் பொறுப்பெடுத்து நடத்தினார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தரையில் பரப்பிய மணலில் எழுத்துப் பழகுவதைப் பார்த்தார். தன் விடுதியிலும் அதையே செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் ஒத்துக்கல. சரின்னு ஒரு சின்னப் பையனையே மத்த பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க வச்சார். அது வேலை செஞ்சது.

ஊருக்குத் திரும்பி 1797-ல் லண்டனில் புத்தகமா போட்டார். "மெட்ராஸ் முறை"ன்னு பேர் வாங்கி, மணல் தட்டு இங்கிலாந்து ஏழைப் பள்ளிகள் வரைக்கும் போச்சு. ஆக, மணலை நாம மட்டமா நினைக்கவே வேண்டாம்.

6)
இப்போ டாக்டர் ஸாக்.

1829-ல் பெர்லினில் பிறந்தவங்க. 20 வயசுல அங்க பேர் பெற்ற சாரிட்டே மருத்துவமனையில் மருத்துவச்சிப் படிப்பு. 1852-ல் தலைமை மருத்துவச்சி பதவி. இவ்வளவு சின்னப் பொண்ணுக்கு அந்தப் பதவியான்னு எதிர்ப்பு. ஆறு மாசத்துல வேலையை விட்டுட்டு, 1853-ல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிட்டாங்க.

நியூயார்க் போனா அங்கே மருத்துவச்சிக்கு மதிப்பே இல்ல. பிழைப்புக்குக் கம்பளி நூல் வேலைப்பாடு செஞ்சு வித்திருக்காங்க.

7)
அடுத்த வருஷம் எலிசபெத் பிளாக்வெல்லைச் சந்திச்சாங்க. அமெரிக்காவில் முதன்முதலில் மருத்துவப் பட்டம் வாங்கின பெண். அவங்க உதவியோட கிளீவ்லாந்தில் படிச்சு, 1856-ல் ஸாக்கும் டாக்டர் ஆனாங்க. 1857-ல் பிளாக்வெல் சகோதரிகளோடு சேர்ந்து நியூயார்க்கில் ஏழைப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவமனை. 1859-ல் பாஸ்டன் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர்.

அங்கே மைக்ராஸ்கோப் வாங்கித் தாங்கன்னு கேட்டாங்க. நிர்வாகம் மறுத்துடுச்சு. (இன்டென்ட் போட்டுட்டுக் காத்திருக்கிற நம்மாளுங்களுக்கு இந்த வலி புரியும்.) வெளியே வந்து 1862-ல் பெண் டாக்டர்களே நடத்துற மருத்துவமனையை பாஸ்டனில் தொடங்கிட்டாங்க. அமெரிக்காவில் முறைப்படி பயிற்சி பெற்ற முதல் கறுப்பின நர்ஸ் மேரி எலைசா மஹோனி 1879-ல் தேர்ச்சி பெற்றது அங்கேதான்.

8)
1885. டாக்டர் ஸாக்குக்கு 55 வயசு. பெர்லினுக்குப் போயிருக்காங்க. அங்கே பொதுப் பூங்காக்களில் குவியல் குவியலா மணல் கொட்டி வச்சிருக்கு. பணக்காரப் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் ஒண்ணா உக்கார்ந்து, கடற்கரையில் இருக்கிற மாதிரி தோண்டி விளையாடுறாங்க. போலீஸ்காரர் ஒருத்தர் பார்த்துக்கிறார். அவ்வளவுதான்.

இதை பாஸ்டனில் இருந்த மாசசூசெட்ஸ் அவசர உதவி மற்றும் சுகாதாரச் சங்கத்துக்குக் கடிதமா எழுதுறாங்க.

அவங்க ஒரு வண்டி மணல் வாங்கி, நார்த் எண்ட் பகுதியில் பார்மென்டர் தெருவில் ஒரு சின்ன தேவாலய வளாகத்தில் கொட்டினாங்க.

9)
நார்த் எண்ட் அப்போ எப்படின்னா, கப்பல் இறங்கி வந்த ஏழைக் குடும்பங்கள் அடைஞ்சு கிடந்த இடம். ஒரு அறையில் ஒரு குடும்பம். பிள்ளைகளுக்கு விளையாட இடம்னா குதிரை வண்டி ஓடுற தெருதான்.

முதல் கோடையில் வாரத்துக்கு மூணு நாள், ஆறு வாரம். சராசரியா 15 பிள்ளைகள் வந்தாங்க. மரக் கரண்டியால மணலைத் தோண்டி, மணல் பணியாரம் செஞ்சு, மறுநாள் வந்து திரும்பவும் செஞ்சாங்க.

அந்த 15 பிள்ளைகளில் ஆரம்பிச்சது அடுத்தடுத்த வருஷம் நகரத்துல பல இடங்களுக்குப் பரவுச்சு. "மணல் தோட்டம்"னு பேர் வச்சாங்க. அமெரிக்காவில் நகரப் பிள்ளைகளுக்கான விளையாட்டு மைதான இயக்கத்தோட தொடக்கம்னு வரலாற்றாசிரியர்கள் இதைத்தான் காட்டுறாங்க. 1906-ல் அதுக்குன்னு தேசிய அளவில் சங்கமே வந்துடுச்சு.

10)
இதில் என்னைக் கட்டிப் போட்ட விஷயம் எது தெரியுமா?

மணல் கொட்டினது சுகாதாரச் சங்கம். எழுதினது டாக்டர். அதுவும் கிருமிக் கொள்கை சூடா பரவிட்டு இருந்த காலம். 1882-ல் கோச் காசநோய்க் கிருமியைக் காட்டியாச்சு. அழுக்குன்னா என்னன்னு தெரியாதவங்க இல்ல இவங்க. தெரிஞ்சும், பிள்ளைக்கு விளையாட்டு வேணும், அதுக்குச் சுத்தமான மணல் வேணும்னு முடிவு பண்ணாங்க.

மணலைத் தடை செய்யல. மணலைச் சுத்தமா, மேற்பார்வையோட குடுத்தாங்க.

நான் 140 வருஷம் கழிச்சு ஓபியில் உக்கார்ந்துட்டு "விடாதீங்கம்மா"ன்னு சொல்லிட்டு இருந்தேன்.

11)
மூணு வருஷம் கழிச்சு, 1888-ல், ஸ்டான்லி ஹால் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு மணல் குவியலைப் பத்தி மட்டுமே கட்டுரை எழுதினார். ஒரு அம்மா தன் ரெண்டு சின்னப் பசங்களுக்காக வீட்டு முற்றத்தில் ஒரு வண்டி மணல் கொட்டிக் குடுக்கிறாங்க. பசங்க கோடைக்குக் கோடை வளர வளர, மணலும் ஒரு ஊராவே வளருது. வீடு, தொழுவம், தெரு, பாலம், ஊருக்குச் சட்டம் வரைக்கும்.

விலை உயர்ந்த பொம்மை எதுவும் இல்ல. மணல், மரத்துண்டு, பக்கத்து வீட்டுப் பசங்க.

12)
நம்ம மெரினாவும் அதே காலத்துப் பிள்ளைதான். 1880-களின் நடுவில் ஆளுநர் கிராண்ட் டஃப் கரையோர உலாவும் பாதையைப் போட்டு மெரினான்னு பேர் வச்சார். இன்னிக்குப் பார்க்கிற அகலமான மணல் அப்போ இல்ல. 1870-களில் துறைமுகத்துக்குக் கடலுக்குள்ள சுவர் நீட்ட ஆரம்பிச்சாங்க. கரையோரமா வடக்கே நகர்ற மணல் அந்தச் சுவரில் தடுக்கி, தெற்குப் பக்கம் சேர ஆரம்பிச்சது. வடக்கே ராயபுரம் பக்கம் மணல் வரத்து நின்னு கடல் கரையைத் தின்னுச்சு.

உங்க பிள்ளை மெரினாவில் கட்டுற மணல் வீட்டுக்கு, வடக்கே ஒருத்தர் வீட்டு வாசல் விலையா போயிருக்கு. பிள்ளை பெரிசானதும் இதையும் சொல்லிக் குடுங்க.

13)
சரி, கோட்டைக்கு வருவோம். காய்ஞ்ச மணல் நிக்காது. ரொம்பத் தண்ணி ஊத்தினாலும் கூழா ஓடிடும். நடுவுல ஏன் நிக்குது?

ரெண்டு மணல் துகள் தொடுற இடத்துல ஒரு துளித் தண்ணி பாலம் மாதிரி ஒட்டிக்குது. பரப்பு இழுவிசை ரெண்டையும் சேர்த்துப் பிடிக்குது. கோடிக்கணக்கான குட்டிப் பாலங்கள் சேர்ந்ததுதான் உங்க கோட்டை.

2008-ல் ஜெர்மனியில் கோட்டிங்கன் ஆய்வாளர்கள் ஈர மணலை நம்ம சிடி ஸ்கேன் மாதிரியே எக்ஸ்ரேயில் படம் பிடிச்சாங்க. தண்ணி கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் மணலோட உறுதி பெரிசா மாறலன்னு தெரிஞ்சுது. அதனாலதான் அளவுக் குவளை இல்லாம மூணு வயசுப் பிள்ளையால கூட மணல் வீடு கட்ட முடியுது.

14)
2012-ல் ஆம்ஸ்டர்டாமில் டேனியல் பான் குழு இன்னொரு விஷயம் சொன்னாங்க. மணலைப் பிடிச்சு வைக்கத் தேவையான தண்ணி ரொம்பக் கொஞ்சம், கன அளவில் சுமார் 1 சதவீதமே போதும். அடி அகலமா இருந்தா உயரம் தாங்கும். அடியை ரெண்டு மடங்கு அகலமாக்கினா, உயரம் சுமார் ஒன்றரை மடங்கு போகலாம்.

அதே குழுவில் இருந்தவங்க 2014-ல் எகிப்துக்குப் போனாங்க, ஆய்வில். சுமார் 3,900 வருஷத்துக்கு முந்தைய ஜெஹுதிஹோதெப் கல்லறை ஓவியம். பெரிய சிலையைச் சறுக்கு வண்டியில் வச்சு ஆட்கள் இழுக்கிறாங்க. முன்னாடி ஒருத்தர் மணல்ல தண்ணி ஊத்துறார். ரொம்ப நாளா இதைச் சடங்குன்னு நினைச்சிருந்தாங்க. சோதிச்சுப் பார்த்தா, சரியான அளவு தண்ணி பட்ட மணலில் இழுக்கிற விசை பாதியா குறையுது.

கோட்டை கட்டுற பிள்ளைக்கும் அந்த எகிப்து ஆளுக்கும் தெரிஞ்சது ஒரே பாடம்.

15)
இனி செய்முறை. பக்கெட்டுக்குத் தனியா செலவு பண்ண வேண்டாம். கொட்டாங்குச்சி, ஐஸ்கிரீம் கப், ஐஸ் குச்சி, பழைய கரண்டி போதும். காலியான பெயிண்ட் டப்பா ஒண்ணை நல்லா கழுவி, அடிப்பாகத்தை வெட்டி, விளிம்பைத் தேச்சு வச்சுக்கோங்க. இதுதான் ரகசிய ஆயுதம்.

இடம்: அலை வந்து தொடுற கோட்டுக்குக் கொஞ்சம் மேலே, மேல்மணலைக் கையால ஒதுக்கினா ஈரம் தெரியணும்.

கலவை: எட்டுப் பங்கு மணலுக்கு ஒரு பங்கு தண்ணி. ஊத்தினதில் நிறைய கீழே வடிஞ்சிடும், அதனால இந்தக் கணக்கு. உள்ளங்கையில் பிடிச்சா கொழுக்கட்டை மாதிரி நிக்கணும், விரலிடுக்கில் தண்ணி வழியக் கூடாது.

16)
அடி: முதல்ல அகலமா ஒரு மேடு. பிள்ளையை ஏறி மிதிக்கச் சொல்லுங்க. இதைவிடப் பிடிச்ச வேலை அவங்களுக்குக் கிடையாது.

கோபுரம்: அடியில்லாத டப்பாவை மேட்டு மேல வச்சு, நாலு விரல் உயரத்துக்கு மணல் போட்டு, கையால இறுக்கிக் குத்துங்க. திரும்ப நாலு விரல், திரும்பக் குத்து. நிறைஞ்சதும் டப்பாவை மெதுவா மேலே உருவுங்க. கவுத்து எடுக்கிற தொல்லை இல்ல.

செதுக்கல்: எப்பவும் மேலிருந்து கீழே. கீழே முதல்ல செதுக்கினா மேலே விழுற மணல் எல்லாத்தையும் மூடிடும்.

அலங்காரம்: கூழ் மாதிரி ஈர மணலைக் கையில் எடுத்து முறுக்கு பிழியிற மாதிரி சொட்டு சொட்டா விடுங்க. தானா கோபுரம் எழும்பும். கிளிஞ்சல் ஒட்டுறது பிள்ளை இஷ்டம்.

17)
வயசுக்கு ஏத்த வேலை குடுங்க.

ரெண்டு வயசு: நிரப்பிக் கொட்டுறதுதான் விளையாட்டு. கோட்டை எதிர்பார்க்காதீங்க.
மூணு வயசு: மேடு தட்டுறது, குச்சி நடுறது, உடைக்கிறது.
நாலு, அஞ்சு வயசு: அகழி, பாலம், ரெண்டு பக்கமும் தோண்டி நடுவில் விரல் தொடுற குட்டிச் சுரங்கம்.

அப்பாக்களுக்கு ஒரு வேண்டுகோள். பத்தாவது நிமிஷத்துல பிள்ளையைத் தள்ளி வச்சுட்டு நீங்களே கட்ட ஆரம்பிச்சிடுறீங்க. நானும் அதே தப்பைப் பண்ணவன்தான். என் பொண்ணு எழுந்து போய் நாய்க்குட்டியைப் பார்த்துட்டு நின்னா. நீங்க சித்தாள். மேஸ்திரி பிள்ளைதான்.

18)
இப்போ டாக்டரா பேச வேண்டியது. இதைத் தயவுசெஞ்சு தாண்டிப் போகாதீங்க.

ஆழமா குழி தோண்ட விடாதீங்க. 2007-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் பேரி மேரன், பிராட்லி மேரன் உள்ளிட்டவங்க ஒரு கடிதம் எழுதினாங்க. பொழுதுபோக்கா தோண்டின மணல் குழி சரிஞ்சு புதைஞ்ச 52 பேரைக் கணக்கெடுத்தாங்க. 31 பேர் இறந்துட்டாங்க. எல்லாரும் சின்னப் பிள்ளைகளும் இளைஞர்களும்.

காரணம் மேலே சொன்ன அதே தண்ணிப் பாலம்தான். வெயிலில் காய காய பாலம் அறுந்து சுவர் ஒரே நொடியில் சரியும். ஒரு கன மீட்டர் மணல் ஒன்றரை டன்னுக்கு மேல. நெஞ்சு விரியவே இடமிருக்காது. நாம தோண்டத் தோண்ட மணல் திரும்ப உள்ளே விழும்.

விதி சுலபம்: கூட்டத்தில் சின்னப் பிள்ளையோட முழங்கால் ஆழம், அதுக்கு மேல வேண்டாம். பிள்ளையை மணலில் புதைச்சு போட்டோ எடுக்காதீங்க. கிளம்பும்போது குழியை மூடிட்டு வாங்க.

19)
பூச்சி? அது மணலில் தானா முளைக்கிறது இல்ல. மலம் கலந்த மண்ணில் இருந்து வருது. அதனால கேட்க வேண்டிய கேள்வி "மணலா?" இல்ல, "எந்த மணல்?"

திறந்தவெளியில் மலம் கழிக்கிற இடம், நாய் பூனை அசிங்கம் பண்ற காய்ஞ்ச மேல்மணல் வேண்டாம். அலை கழுவிட்டுப் போற ஈர மணல் பரவாயில்ல. நடந்து போகும்போது செருப்பு, விளையாடி முடிச்சு சோப்பு போட்டுக் கை கழுவுறது, நகம் வெட்டுறது. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அங்கன்வாடியில் குடுக்கிற குடற்புழு மாத்திரையைத் தவறவிடாதீங்க.

காலில் அரிப்போட சிவப்புக் கோடு புழு மாதிரி நெளிஞ்சு நகர்ந்தா, அது நாய்க் கொக்கிப்புழுவோட வேலை. எண்ணெய் தடவிட்டு இருக்காம டாக்டர்கிட்ட வாங்க, சுலபமா சரியாகும். கண்ணில் மணல் விழுந்தா தேய்க்காம நல்ல தண்ணியில் கழுவுங்க.

அலையில் தண்ணி மொண்டு வர்ற வேலை மட்டும் பெரியவங்களுடையது. பிள்ளைக்குக் கடலைக் காட்டுங்க, முதுகைக் காட்ட விடாதீங்க.

20)
ஆச்சியை அடுத்த தடவை வரச் சொல்லி, நான் சொன்னதைத் திருத்திச் சொன்னேன். "மணல்ல விடுங்க ஆச்சி. காலைல அலை கழுவுன இடமா பாத்து, நீங்களும் கூட உக்காருங்க. முடிஞ்சதும் கை காலை சோப்பு போட்டுக் கழுவுங்க. போனை வீட்டுல வச்சிருங்க."

ஆச்சி என்னையே ஒரு மாதிரி பார்த்தாங்க.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்லா சார்?"

சொல்லியிருக்கலாம். டாக்டர் ஸாக் 1902-ல் இறந்துட்டாங்க. அவங்க பேர் பாடப் புத்தகத்தில் இல்ல. ஆனா உலகத்துல எந்தப் பூங்காவிலாவது மணல் தொட்டியில் ஒரு பிள்ளை உக்கார்ந்திருந்தா, அதில் அவங்க எழுதின அந்த ஒரு கடிதத்துக்கும் பங்கு இருக்கு. ஓபியில் சொல்ற ஒரு வரிக்கும் அவ்வளவு பலம் உண்டு, ரெண்டு பக்கமும்.

இந்த ஞாயிறு சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் ஒரு கொட்டாங்குச்சி எடுத்துட்டுக் கிளம்புங்க. கட்டினதை அலை அடிச்சிட்டுப் போச்சுன்னு பிள்ளை அழுதா, தூக்கி வச்சுக்கோங்க. கொஞ்ச நேரத்துல அதுவே இறங்கித் திரும்பக் கட்டும்.

பயன்பட்டால் பிள்ளை வச்சிருக்கிற நண்பர்களுக்குப் பகிருங்க.